பந்தய நிறுவனத்தின் பெயரைக் கையில் சுமப்பவர்கள்: இங்கிலீஷ் கால்பந்து லீக்குக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இங்கிலீஷ் கால்பந்து லீக்கின் (ஈ.எஃப்.எல்.) இயக்குநர் குழுவினருக்கும், அதன் 72 உறுப்பு கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள உங்கள் மூன்று டிவிஷன்களின் (சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ) பெயருக்கு முன்னால் 2013 முதல் ஸ்கை பெட் என்னும் பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்துவருகிறது. அந்த ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டித்திருக்கிறீர்கள். அது முடியும்போது இன்னொரு பந்தய நிறுவனத்துக்கு அந்த இடத்தை விற்க வேண்டாம் என்றும், முடிவதற்கு முன்பாகவே ஆட்டக்காரர்களின் சட்டைக் கையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இதே கோரிக்கையை ரசிகர்களையும் சிறுவர்களையும் முன்னிட்டுப் பலர் ஏற்கெனவே உங்களிடம் வைத்திருக்கிறார்கள். சூதாட்டத்தில் சிக்கிய மகனை இழந்த பெற்றோர் தொடங்கிய ‘கேம்ப்ளிங் வித் லைவ்ஸ்’ அமைப்பும், அதன் ‘பிக் ஸ்டெப்’ இயக்கத்தில் ஒரு மைதானத்திலிருந்து மறு மைதானத்துக்கு நடந்தே சென்றவர்களும் சொன்னவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் கவலை ஆட்டக்காரர்களைப் பற்றியது. அதிலும் புகழின் வெளிச்சம் படாத கீழ் டிவிஷன்களில் இரண்டாண்டு ஒப்பந்தம், ஓராண்டு ஒப்பந்தம், ஒரு மாத லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக இரவல் போவது) என்று காலத்தை ஓட்டுகிறவர்களைப் பற்றியது.

அவர்களில் ஒருவருடைய தொழில்வாழ்க்கையை முன்வைத்துத்தான் என் வாதத்தைச் சொல்ல முடியும். அவரை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில், தரமிறங்கப் போவது யார் என்ற கணக்கு சூடுபிடிக்கும் நாட்களில், அவர் அடித்த ஒரே ஒரு கோலைத் தொலைக்காட்சிகள் தவறாமல் எடுத்துப் போடுகின்றன. ஜிம்மி கிளாஸ் என்ற கோல்கீப்பரைச் சொல்கிறேன்.

1973இல் சர்ரே மாவட்டத்தின் எப்சமில் பிறந்த கிளாஸ், கிரிஸ்டல் பேலஸ் கிளப்பில் வளர்ந்தவர்; ஆனால் அந்த கிளப்புக்காக ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பெரிய கிளப்பின் இளைஞர் அணியில் தொடங்கும் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான்: முதல் கோல்கீப்பருக்குக் காயம் பட்டால் இரண்டாமவருக்கு வாய்ப்பு, இருவருக்கும் பட்டால்தான் மூன்றாமவருக்கு. 1996இல் போர்ன்மவுத்துக்குப் போன பிறகே அவர் முழுநேரமாக ஆடத் தொடங்கினார். 1998 வரை அங்கே 94 லீக் ஆட்டங்கள் ஆடியது கீழ் டிவிஷன் கணக்கில் சிறப்பான ஓட்டம். 1998இல், கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியான ஆட்டோ விண்ட்ஸ்கிரீன்ஸ் ஷீல்டின் இறுதியாட்டத்துக்காக வெம்ப்ளி மைதானத்தில் இறங்கும் பேறும் வாய்த்தது. அந்த ஆட்டத்தில் எதிரணியான கிரிம்ஸ்பியின் முதல் கோல், அவர் தம் வலைக்குள்ளேயே விட்ட சொந்த கோலாகப் பதிவாயிற்று. கூடுதல் நேரத்தில் விழுந்த, விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்டன் கோலில் போர்ன்மவுத் தோற்றது. அடுத்து ஸ்விண்டன் டவுனுக்குச் சென்ற அவருக்கு அங்கே இடம் நிலைக்கவில்லை. 1999 வசந்த காலத்தில், 25 வயதில், ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்த கோல்கீப்பராக இருந்தார்.

அதே நேரத்தில் நாட்டின் வடமேற்கு மூலையில் கார்லைல் யுனைட்டட் கிளப் கோல்கீப்பர் இல்லாமல் தவித்தது. தன் கோல்கீப்பர் டோனி கெய்கை பிளாக்பூலுக்கு விற்றிருந்தது. டெர்பியிலிருந்து லோனில் வந்தவரையும் அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வதற்கான கெடு அதற்குள் கடந்திருந்தது. அப்போது கார்லைலுக்கு விதிவிலக்கு அளித்து, அவசர லோனில் கிளாஸைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது வேறு யாருமில்லை, உங்கள் லீக்தான். அந்தக் கதையின் தொடக்கத்தில் உங்கள் கையொப்பம் இருக்கிறது என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன். பிறகு வந்த பகுதிக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

1999 மே 8. புரன்டன் பார்க் மைதானத்தில் பிளிமத் ஆர்கைலுக்கு எதிரான ஆட்டம். நாட்டின் தென்மேற்குக் கோடிக்கும் வடமேற்குக் கோடிக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த பிளிமத்துக்கு அந்த ஆட்டத்தில் பெரிதாகப் பெறவோ இழக்கவோ எதுவுமில்லை. கார்லைலுக்கோ வென்றே ஆக வேண்டிய நிலை. வெல்லாவிட்டால் 1928 முதல் தொடர்ந்து இருந்துவந்த லீக்கைவிட்டு, அதற்கு அடுத்த கீழ்நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸுக்கு இறங்க வேண்டியதுதான். ஆட்டம் 1–1 என்றிருந்தது. மறுபக்கம் ஸ்கார்பரோ தன் ஆட்டத்தை டிராவில் முடித்துவிட்டுப் பிழைத்துவிட்டோம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களும் தீரும் வேளையில் கார்லைலுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மேனேஜர் நைஜல் பியர்சன் கை காட்ட, கிளாஸ் தம் கோலைவிட்டு எதிர்முனைக்கு ஓடினார். கிரேம் ஆன்டனி தூக்கியடித்த பந்தை ஸ்காட் டோபி தலையால் முட்ட, பிளிமத் கோல்கீப்பர் தடுத்துத் தள்ளிய பந்து கிளாஸின் காலடிக்கே வந்தது. வலக்காலால் அடித்தார். வலை அசைந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிய சில நொடிகளில் இறுதி விசில் ஊதப்பட்டது. கார்லைலுக்காக அவர் ஆடிய மூன்றாவதும் கடைசியுமான ஆட்டம் அதுதான்.

ஸ்கார்பரோ லீக்கிலிருந்து இறங்கி, திரும்பவே வராமல், 2007இல் கலைக்கப்பட்டது. ஒரே கோல் ஒரு கிளப்பை வாழவைத்து இன்னொன்றின் வீழ்ச்சியைத் தொடங்கிவைத்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையாகாது. ஸ்கார்பரோவைச் சாய்த்தது கடன். தொலைக்காட்சித் துணுக்கில் கோலுக்கு அடுத்த காட்சி கிடையாது என்பதால் இந்தக் கதைகளெல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

கோலுக்கு அடுத்து வந்தது இதுதான். அந்தக் கோடையில் அவரைத் தேடி எந்தப் பெரிய கிளப்பும் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை, கோல் அடித்ததற்காகக் கோல்கீப்பரை யாரும் வாங்குவதில்லை. கேம்பிரிட்ஜ் யுனைட்டட், பிரென்ட்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு யுனைட்டட் என்று சில கிளப்புகளில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, 27 வயதில் தொழில்முறை ஆட்டத்தை விட்டார். கோல்கீப்பர்கள் உண்மையிலேயே தேறத் தொடங்கும் வயது அது. பிறகு கணினித் துறையில் விற்பனை வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். ஆடிய காலம் முதலே சூதாட்டப் பழக்கம் தம்மைப் பிடித்திருந்ததையும், அது தம் பணத்தையும் நிம்மதியையும் எப்படித் தின்றது என்பதையும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேட்டிகளிலும் மறைக்காமல் பேசியிருக்கிறார். பிறர் பேசத் தயங்கிய காலத்தில் அவர் பேசினார் என்பதற்காகவே அந்தக் கோலைவிட அவரை மதிக்க எனக்குக் காரணம் இருக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜிம்மி கிளாஸின் பழக்கத்துக்கு உங்கள் லீக்கின் ஸ்பான்சர் காரணமில்லை. 1999இல் உங்கள் டிவிஷன்களின் பெயரைத் தாங்கியது நேஷன்வைட் என்ற வீட்டுக்கடன் சங்கம். பிரிட்டனில் பந்தய நிறுவனங்கள் தொலைக்காட்சியில் தாராளமாக விளம்பரம் செய்ய வழிவிட்ட 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2007இல்தான். அன்று பந்தயம் கட்ட விரும்பிய ஆட்டக்காரர் தெருமுனை பெட்டிங் கடைக்கு நடந்து போக வேண்டும், அல்லது தொலைபேசியில் கணக்கு வைத்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அந்தப் பழக்கம் ஆட்டக்காரர்களிடையே வேரோடியது என்றால், அதற்கான மண் அந்தத் தொழிலிலேயே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்த மண் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆயினும் ஸ்பான்சர் ஒப்பந்தங்கள் பேசப்படும் அறைகளில் அது பேசப்படுகிறதா என்ற ஐயம் எனக்கு உண்டு. பயிற்சி காலையில் தொடங்கி நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகிறது. இருபது வயது இளைஞர் ஒருவர், ஊரும் பழக்கமில்லாமல், நண்பர்களும் இல்லாமல், லோனில் வந்து தங்கியிருக்கும் வாடகை அறையில் மீதிப் பகலை எப்படியாவது கழிக்க வேண்டும். உடல் களைத்திருப்பதால் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். மறுநாள் ஆட்டம் என்றால் வெளியே சுற்றவும் கூடாது. ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள், அவற்றில் பாதி வெளியூரில். கார்லைலிலிருந்து தெற்கே போகும் பேருந்தில் நாளின் பெரும்பகுதி போய்விடும். சீட்டுக்கட்டு அந்தப் பேருந்துகளின் பழைய தோழன். இவற்றோடு, ஆடுகிறவர்களின் மனத்தில் இயல்பாகவே இருக்கும் போட்டிவெறி. தோற்றதை அடுத்த சுற்றிலேயே திருப்பி எடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு. மைதானத்தில் எந்தக் குணத்துக்காக ஒருவரைப் பாராட்டுகிறோமோ அதே குணம்தான் பந்தயத்தில் அவரை எழவிடாமல் செய்கிறது.

இதற்கு மேல் பணத்தின் நிச்சயமின்மை. பிரீமியர் லீக் ஆட்டக்காரர் சூதாடி இழப்பது அவர் சம்பாத்தியத்தின் ஒரு பகுதி. லீக் டூ ஆட்டக்காரர் இழப்பது வீட்டு வாடகை. பருவம் முடிந்ததும் கிளப்புகள் வெளியிடும் பட்டியலில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் இருக்காது என்று காத்திருந்து, ஜூன் 30ஆம் தேதியோடு சம்பளம் நின்றுபோகும் ஆட்டக்காரருக்குப் பந்தயம் வெறும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. வருமானத்துக்கு ஒரு வழியாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலைக்கு வந்தவருக்கு “அளவோடு ஆடுங்கள்” என்ற வாசகம் எவ்வகையிலும் உதவாது.

கிளாஸ் ஒருவரே என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டீவ் கிளாரிட்ஜை நினைத்துப் பாருங்கள். உங்கள் டிவிஷன்களின் ஏறத்தாழ எல்லா மூலைகளிலும் ஆடியவர். ஆல்டர்ஷாட், கேம்பிரிட்ஜ், லூட்டன், பர்மிங்ஹாம், மில்வால், பிரைட்டன், விக்கம், ஜிலிங்ஹாம், வால்சால் என்று பட்டியல் நீளும். 2006 டிசம்பரில், 40 வயதில், போர்ன்மவுத் சட்டையில் தம் 1000ஆவது தொழில்முறை ஆட்டத்தை ஆடி முடித்தார். காலுறை கணுக்காலில் சரிந்து கிடக்க ஓடிக்கொண்டேயிருந்த அந்த மனிதரும் தம் சூதாட்டப் பழக்கத்தைத் தம் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதியவர். இருவரும் வெவ்வேறு சுபாவக்காரர்கள், வெவ்வேறு நிலைகளில் ஆடியவர்கள். பொதுவாக இருந்தவை அந்தப் பேருந்துகளும் அந்தப் பிற்பகல்களும்தான்.

இனி உங்கள் ஸ்பான்சரின் காலத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2014 ஆகஸ்ட் 1 முதல், மேல்நிலை லீக்குகளில் ஆடும் எவரும் உலகின் எந்த மூலையில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தின்மீதும் பந்தயம் கட்டக் கூடாது என்று தடை விதித்தது. விதி சரியானது; ஆட்டத்தின் நேர்மை அதைச் சார்ந்திருக்கிறது. ஆனால் அந்த விதி வந்தபோது உங்கள் மூன்று டிவிஷன்களும் பந்தய நிறுவனத்தின் பெயரில் ஓராண்டாக நடந்துகொண்டிருந்தன. சாராயக் கடையின் பலகையைத் தோளில் மாட்டிவிட்டு, ஒரு சொட்டைத் தொட்டாலும் வேலை போய்விடும் என்று எச்சரிப்பதைப் போன்றதல்லவா இது?

ஹாரி டொஃபோலோவின் வழக்கைப் பாருங்கள். 375 பந்தயங்கள், முதலாவது 2014 ஜனவரியில், கடைசியானது 2017 மார்ச்சில். முதல் பந்தயத்தின்போது அவருக்கு வயது 18. நாரிச் கிளப்பின் இளம் ஆட்டக்காரராக இருந்த அவர் அந்தக் காலத்தில் ஸ்விண்டன், ரோதரம், பீட்டர்பரோ, ஸ்கன்தார்ப் என்று ஊர் ஊராக லோனில் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த கிளப்புகள் அனைத்தும் ஆடியது ஸ்கை பெட் பெயர் தாங்கிய டிவிஷன்களில். விசாரித்த ஆணையம் 2023இல் அவருக்கு ஐந்து மாதத் தடை விதித்து, அதை நிறுத்திவைத்தது, அபராதமும் விதித்தது.

முன்கள ஆட்டக்காரர் ஐவன் டோனியின் வழக்கு இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது. 232 விதிமீறல்களை அவர் ஒப்புக்கொண்டார். 2023 மே மாதம் எட்டு மாதத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் சூதாட்ட அடிமைத்தனத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற மருத்துவ நிபுணரின் கருத்தை ஏற்றே ஆணையம் தண்டனையைக் குறைத்தது. அவருடைய மீறல்கள் நடந்த காலம் 2017 பிப்ரவரி முதல் 2021 ஜனவரி வரை. நியூகாசில் கிளப் அவரை ஸ்கன்தார்ப்புக்கும் விகனுக்கும் லோனில் அனுப்பிய காலம், பீட்டர்பரோவில் கோல்களைக் குவித்த காலம், பிரென்ட்ஃபோர்டில் முதல் பருவத்தின் முற்பகுதி ஆகியவை அதில் அடங்கும். அந்தப் பருவத்தில்தான் அவர் 31 கோல் அடித்து ஸ்கை பெட் சாம்பியன்ஷிப்பில் அதிக கோல் அடித்தவராக வந்தார். தம் கிளப் தோற்கும் என்று அவர் கட்டிய பந்தயங்களும் அந்தக் கணக்கில் இருந்ததால், அவரைத் தண்டித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பந்தயங்களைக் கட்டியபோது அவர் அந்த ஆட்டங்களில் ஆடவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலை செய்யும் இடம் முழுவதும் எதன் பெயரால் நிரப்பப்பட்டிருந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை எந்த ஆணையமும் அழைக்கவில்லை.

உங்கள் தரப்பு நியாயத்தை நான் அறியாதவன் அல்லன். பந்தயத் துறையிலிருந்து உங்கள் லீக்குக்கும் கிளப்புகளுக்கும் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது என்று 2020இல் நீங்களே சொன்னீர்கள். கொரோனாவால் மைதானங்கள் மூடிக் கிடந்த ஆண்டு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 1885இல் தொடங்கிய பரி கிளப்பை லீக்கைவிட்டு நீக்க வேண்டி வந்தது. 2020 செப்டம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. கிளப்பே இல்லையென்றால் ஆட்டக்காரரின் நலனைப் பற்றிப் பேச யார் இருப்பார்கள் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறு கிளப் ஒன்று மூடப்படும்போது எத்தனை பேருடைய சம்பளம் நிற்கிறது என்பதை பரி ஊரார் பார்த்தார்கள்.

ஆனால் அந்த நியாயம் 2020இல் இருந்த வலுவோடு இன்று இல்லை. 2024–25 பருவம் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஸ்கை தொலைக்காட்சியோடு 93.5 கோடி பவுண்டு மதிப்புள்ள ஒப்பந்தம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஒளிபரப்பாகின்றன. பெயர் ஸ்பான்சரின் பணம் இல்லாவிட்டால் லீக்கே விழுந்துவிடும் என்று இனிச் சொல்வது கடினம். உங்கள் சொந்த வரலாறும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1888இல் தொடங்கிய லீக் 1983 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, யாருடைய பெயரையும் ஒட்டிக்கொள்ளாமல் நடந்தது. பிறகு கேமரா நிறுவனமான கேனன் வந்தது, அது போய் ஒரு நாளிதழ், பிறகு பார்க்ளேஸ் வங்கி, பிறகு எண்ட்ஸ்லீ காப்பீடு, நேஷன்வைட், கோக்கா கோலா, மின்சாரம் விற்கும் ‘என்-பவர்’ (npower) நிறுவனம். ஒவ்வொரு முறையும் ஒருவர் விலகினால் இன்னொருவர் வந்தார். பந்தய நிறுவனம் ஒன்று அந்த வரிசையில் நெடுங்காலம் தங்கிவிட்டதால் மட்டுமே அது இன்றியமையாததுபோல் தோன்றுகிறது.

இந்தியாவில் அண்மையில் நடந்த ஒன்றையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும், தேசிய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 நிறுவனம் ஒப்பந்தத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டது. சில வாரங்களுக்குள் அப்பல்லோ டயர்ஸ் நிறுவனம் முந்தையதைவிடக் கூடுதல் தொகைக்கு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இந்தியக் கிரிக்கெட்டின் சந்தை வேறு, லீக் டூவின் சந்தை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பந்தயப் பணம் போனால் வேறு பணமே வராது என்ற அச்சத்துக்கு இது ஒரு பதில். உங்கள் வீட்டுக்குள்ளேயும் பதில் இருக்கிறது. போல்டன் வாண்டரர்ஸ், 2019இல் பரியோடு சேர்ந்தே சாக இருந்து மயிரிழையில் பிழைத்த கிளப், 2021இல் பந்தய நிறுவனங்களுடனான வணிக உறவுகளை முறித்துக்கொள்வதாகத் தானே முன்வந்து அறிவித்தது. பணத்தட்டுப்பாடு என்றால் என்னவென்று அதைவிட நன்றாக அறிந்த கிளப் உங்களிடையே அதிகம் இருக்காது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரீமியர் லீக் கிளப்புகள் 2025–26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து பந்தய நிறுவனங்களை எடுத்துவிடுவதாக 2023இல் ஒப்புக்கொண்டன. சட்டைக் கையையும் மைதான விளம்பரப் பலகைகளையும் அந்த முடிவு தொடவில்லை என்பதால் அதை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். ஆனால் மேலே இடமிழக்கும் நிறுவனங்கள் கீழே பார்க்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மலிவான இடமாக, பணத்துக்காக ஏங்கும் இடமாக அவர்களுக்குத் தென்படப் போவது உங்கள் 72 கிளப்புகள்தான். அப்போது ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக முடிவெடுத்தால் ஏழை கிளப்பே முதலில் தலையாட்டும். அனைவரையும் கட்டுப்படுத்தும் முடிவை லீக் ஒன்றுதான் எடுக்க முடியும். லீக் என்பது இருப்பதே அதற்காகத்தானே.

நான் கேட்பவை அதிகம் இல்லை. சட்டைக் கையில் இருப்பது ஆட்டக்காரரின் உடல்மேல் இருப்பது. அதை அணிய மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை, அதிலிருந்து மீளப் போராடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கும் இல்லை. ஒப்பந்தத்தின் மற்ற பகுதிகள் 2029 வரை நிற்கட்டும். சட்டைக் கையை மட்டுமாவது இப்போதே பேசித் திரும்பப் பெறுங்கள். மைதானப் பலகையில் கொஞ்சம் கூடுதல் இடம் தருவதாகச் சொன்னால் அந்த நிறுவனம் மறுக்காது என்றே நினைக்கிறேன். மறுத்தால், எதற்காக மறுக்கிறது என்பதை எல்லோரும் அறிந்துகொள்ளட்டும்.

அதோடு, லோனில் அனுப்பப்படும் 21 வயதுக்குட்பட்ட ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும், போகும் ஊரில் அவரைக் கவனித்துக்கொள்ளப் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று லோன் விதிகளில் சேருங்கள். அனுப்பும் கிளப் அவருடைய ஆட்டத்தை ஒவ்வொரு வாரமும் ஒளிப்பதிவில் பார்க்கிறது. அவர் பிற்பகல்களை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்பவர் இல்லை. இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன் டோனி ஆடம்ஸ் 2000இல் நிறுவிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் மருத்துவ மையமும் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கமும் சேர்ந்து செய்துவரும் பணி இருக்கிறது. அதை நாடிப் போகும் ஆட்டக்காரர் கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக்கு அஞ்ச வேண்டியிராத ஏற்பாடு ஒன்றையும் சங்கத்தோடு பேசி உருவாக்குங்கள். உதவி கேட்பதே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? தன் கிளப்பின் ஆட்டத்தில் பந்தயம் கட்டியவருக்கு விலக்கு வேண்டாம். மற்றவர் தாமாக முன்வந்து சொன்னால் முதலில் மருத்துவம், பிறகே விசாரணை என்ற வரிசையாவது இருக்கட்டும்.

2016இல் ஜிம்மி கிளாஸ், தாம் ஒருகாலத்தில் கோல் காத்த போர்ன்மவுத் கிளப்பிலேயே, ஆட்டக்காரர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் அலுவலராகப் பணிக்குச் சேர்ந்தார். வீடு பார்ப்பது, குடும்பத்தை ஊரில் நிலைநிறுத்துவது, புதிதாக வருகிறவருக்கு ஊரைப் பழக்குவது ஆகியவையே அந்த வேலை. ஒரு கிளப் தன் பழைய ஆட்டக்காரரிடம் இத்தகைய பொறுப்பைக் கொடுத்ததை நான் முன்மாதிரியாகவே பார்க்கிறேன். ஆனால் பிரீமியர் லீக்குக்கு ஏறிய கிளப்பால் அது முடிந்தது. லீக் டூவில் பெரும்பாலும் அந்த வேலையையும் சட்டை துவைக்கும் வேலையையும் ஒருவரே பார்க்கிறார். 2025 ஏப்ரல் முதல் பந்தய நிறுவனங்கள்மீது பிரிட்டன் அரசு விதித்திருக்கும் கட்டாயத் தீர்வை, ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் செலவிடப்படுகிறது. அந்தத் தடுப்பு நிதியிலிருந்து கீழ் டிவிஷன் கிளப்புகளில் இத்தகைய அலுவலர்களுக்குச் சம்பளம் கோரி நீங்கள் அரசிடம் விண்ணப்பிக்கலாம். கேட்பதில் இழப்பில்லை.

கடைசியாக, 2029க்குப் பிறகான பெயர் ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு நீங்கள் நினைப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். இத்தகைய ஒப்பந்தங்கள் ஓரிரு ஆண்டுகள் முன்கூட்டியே பேசப்படுபவை. அந்தப் பேச்சு நடக்கும் குழுவில், ஆடிக்கொண்டிருக்கும் லீக் ஒன், லீக் டூ ஆட்டக்காரர்கள் இருவரையும், சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீண்ட முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரையும் வாக்குரிமையோடு அமரவையுங்கள். அடுத்த பருவத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக இதை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதை 72 கிளப்புகளின் ரசிகர்களும் படிக்கும்படி எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ் டிவிஷன் ஆட்டங்களை விடாமல் பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகர்